பட்டாளத்து ஐயர் வாங்கிக்கொண்ட விக்கல்கள்

பனிமலையில் காவலிருந்த எங்கள் ஊர் ஆண்கள் நாற்பத்து மூன்று பேரின் விக்கல்களையும் தன் ஒரே தொண்டையில் வாங்கிக்கொண்டு பட்டாளத்து ஐயர் குடியாத்தம் பேருந்திலிருந்து இறங்கிய அன்று, கருங்காலிப்பட்டு முழுவதும் ஆரத்தித் தட்டோடு நிற்க, நான் ஒருவன் மட்டும் கறுப்புக் கொடியோடு நின்றேன். கொடி என்றால் பழைய குடைத் துணிதான், ஆனால் கொடிக்குத் துணி முக்கியமில்லை, பிடிக்கிற கை முக்கியம் என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறவன் நான்.

வருகிறவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நூர்ஜஹானின் கணவன் அன்வர், மலைப்பாதை மூடுவதற்கு முன் எழுதிய கடைசிக் கடிதத்தில், "எங்க பட்டாளத்து ஐயர் நம்ம ஊருக்கு வர்றார், நல்லபடியா பார்த்துக்கங்க" என்று எழுதியிருந்தான். ஐயர் என்ற சொல்லைப் பார்த்ததும் நான் மேற்கொண்டு படிக்கவில்லை. "பட்டாளத்தில் ஐயருக்கு என்ன வேலை? பீரங்கிக்குப் பூணூல் மாட்டவா?" என்று தலைப்பிட்டு, இருநூறு நோட்டீசு நகலெடுத்து, வீடு வீடாகக் கொடுத்தேன். தோல் தொழிற்சாலைச் சங்கத்தில் இருந்த காலத்தில் நோட்டீசு பார்த்தே எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். நோட்டீசு எழுதியே சிறைக்கும் போனவன். என் நோட்டீசுகளுக்கு ஊரில் யாரும் இதுவரை பதில் சொன்னதில்லை, ஆனால் அவற்றில் மடித்துக் கொடுத்த வடையைப் பற்றி யாரும் குறை சொன்னதும் இல்லை.

பேருந்திலிருந்து இறங்கியவரோ பனைமரம் போல நெடிய, கறுத்த மனிதர். பச்சைச் சீருடை, தோளில் ஒற்றை நட்சத்திரம், கழுத்தில் சிலுவை, கையில் கறுப்பு டிரங்குப் பெட்டி.

"ஐயர் எங்கே?" என்றேன்.

"நான்தான் ஐயர்" என்றவர் ஒரு விக்கல் விக்கினார். "எங்க நாசரேத்துப் பக்கம் கோயில்ல பிரசங்கம் பண்ணுதவரை ஐயர்னுதான் சொல்லுவோம். வேதக்கோயில் ஐயர். நாயப் சுபேதார் ஞானதிரவியம்." இன்னொரு விக்கல். "கொடி யாருக்கு?"

"ஐயருக்கு."

"அப்பம் எனக்குத்தான். நல்லாப் பிடிங்க பெரியவரே, வெயில் மண்டையப் பொளக்கு" என்று சொல்லி, என் கொடியின் நிழலுக்குள் வந்து நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெண்கள் சிரித்ததை நான் பொருட்படுத்தவில்லை. ஏற்றிய கொடியைக் கூட்டம் முடியாமல் இறக்குவது எங்கள் இயக்கத்தில் வழக்கமில்லை என்பதால், முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடம் வரை அவருக்குப் பின்னாலேயே கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் அவர் விக்கிக்கொண்டே வந்தார். மூன்றாவது வீட்டு வாசலில் அவருக்கு ஒரு நீண்ட விக்கல் வந்தபோது, நின்று, "இது அன்வருக்குள்ளது. யாரு நூர்ஜஹான்?" என்று கேட்டார். கூட்டத்தில் நின்ற நூர்ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இப்பதான் நெனச்சேன், அவரு கூட வந்திருந்தா எப்படி இருக்கும்னு" என்றாள். அதற்குப் பிறகு ஊரில் யாருக்கும் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

இருந்தாலும் அவர் விளக்கமாகவே சொன்னார். அந்த மலை உச்சியில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குருத்வாரா நான்கும் ஒரே தகரக் கொட்டகைதான், அதற்கு ஐயரும் அவர் ஒருவர்தான். பண்டிதர் இல்லாததால் தேங்காயும் அவரே உடைப்பார், ரம்ஜானுக்குப் பேரீச்சம்பழத்தை ஹெலிகாப்டரில் ஏற்றச் சொல்லிச் சண்டை போடுவார், ஞாயிற்றுக்கிழமை தனக்கே பிரசங்கம் செய்துகொள்வார். மற்ற நேரமெல்லாம் பதுங்குகுழி பதுங்குகுழியாகத் தேநீர்க் கெண்டியோடு போய், பயந்தவன் பக்கத்தில் பயப்படாதே என்று சொல்லாமல் உட்கார்ந்திருப்பதும், வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தவனுக்கு அதை நிற்கவைத்துச் சொல்லாமல் உட்காரவைத்துச் சொல்வதும்தான் அவர் உத்தியோகம். அப்படியிருக்கையில், எதிரி வரும் பாதையோரம் பனிக்குள் குப்புறப் படுத்து, மூச்சைக்கூட அளந்து விடவேண்டிய ஒரு காவலில், அன்வருக்கு விக்கல் வந்துவிட்டது. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் நூர்ஜஹான் மறதியாக இரண்டு தட்டு எடுத்து வைத்து, இரண்டாவது தட்டைப் பார்த்த நேரம் அது. விக்கல் கேட்ட திசையில் எதிரி சுட்டான், அன்வருடைய வெந்நீர் பிளாஸ்க் உடைந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கர்னல் மட்டும், "இனிமேல் காவலில் எவனும் விக்கக்கூடாது" என்று எழுத்து மூலம் உத்தரவு போட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எந்த உத்தரவையும் மீறாதவர்கள், ஆனால் அந்த உத்தரவை அவர்கள் பெண்டாட்டிகளுக்கு யாரும் அனுப்பவில்லையே.

ஆகவே ஞானதிரவியம் தகரக் கொட்டகையில் அவர்களை வரிசையாக நிறுத்தி, பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, "உன் விக்கலை எங்கிட்டக் குடுடே" என்று கேட்டார். ஒவ்வொருவனும் அவனவன் சாமியைக் கும்பிட்டுக் கொடுத்தான். மறுநாள் காலையிலிருந்து நாற்பத்து மூன்று பேருக்கு வரவேண்டிய விக்கல் அவருக்கு வந்தது. தூங்கவும் முடியாமல் உண்ணவும் முடியாமல் அவர் இளைத்ததைப் பார்த்து, கர்னல் அவரை மருத்துவ விடுப்பில் எங்கள் ஊருக்கே அனுப்பினார், கூடவே ஒரு கால அட்டவணையையும் கொடுத்தனுப்பினார். குடும்பத்தினர் தங்கள் வீரர்களைக் காலை ஆறு முதல் ஆறரை வரையிலும், மாலை ஐந்து முதல் ஐந்தரை வரையிலும் நினைக்கலாம். ஞாயிறன்று கூடுதலாகக் கால் மணி நேரம்.

அட்டவணையைச் சங்கத்துச் சுவரில் ஒட்டினார்கள். அதை மதிக்கவேண்டும் என்று எல்லாப் பெண்களும் மனதார நினைத்தார்கள், அப்படி நினைத்தபோதெல்லாம் கணவன் ஞாபகம் வந்து, ஐயருக்கு விக்கல் வந்தது. சோறு வடிக்கிற நேரம்தான் அவருக்குப் பெரிய கண்டம். பதினொன்றரை மணிக்கு ஊரில் நாற்பது பானை ஒன்றாகச் சாயும், ஆவி முகத்தில் அடிக்கும், சங்கக் கட்டடத்தில் அவர் தூணைப் பிடித்துக்கொள்வார். பிறகு பெண்களே கூடிப் பேசி, தெருவுக்கு ஒரு நேரமென்று உலை வைப்பதைப் பிரித்துக்கொண்டார்கள். கர்னலின் அட்டவணையைவிட அது நன்றாக நடந்தது.

ஒரு மாதத்தில் அவர் விக்கலை வைத்தே வீடுகளைப் படிக்கக் கற்றார். பட்டம்மாளுடையது படபடவென்று வரும், அவள் மாமனார் குடித்துவிட்டுக் கத்துகிற நாட்களில் அது இன்னும் கூடும், ஐயர் உடனே எழுந்து போய் அந்த மாமனாரைப் பிரசங்கம் கேட்க உட்காரவைத்துவிடுவார், அதற்குப் பயந்து அந்த ஆள் பாதிக் குடியை விட்டான். இன்னொருத்தியின் விக்கல் காலையிலேயே சிரிப்பு போல வந்தால், "பிள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டா தாயி?" என்று வாசலில் நின்று கேட்பார். பாதை திறந்ததும் மலையில் போய்ச் சொல்ல எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். படைவீரர் மனைவி என்று பதிவாகாத பெண்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார், பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பட்டாளம் ஆளை ஒத்துக்கொள்ளாது என்று எச்சரித்தார். ஓய்வுபெற்ற ஹவில்தார் முனிரத்தினம் தலைமையில் பழைய சிப்பாய்கள், ஐயருடைய விக்கல் இராணுவப் பணியால் வந்த நோயா, இராணுவப் பணியால் முற்றிய நோயா என்று மூன்று நாள் விவாதித்து, தீர்ப்பு வராமல் சீட்டாடப் போனார்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. விக்கல் என்பது வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே இருக்கும் தசையின் துடிப்பு என்று நான் தேநீர்க்கடையில் தினமும் சொன்னேன். தேநீர்க்கடைக்காரர், "ஆமாம் நோட்டீசு மாமா, அந்தத் தசைக்குத்தான் நம்ம ஊர்ப் பொம்பளைங்க பேரெல்லாம் தெரிஞ்சிருக்குது" என்பார்.

என் மகனும் அந்த மலையில்தான் இருந்தான். பெயர் புரட்சிமணி, நான் வைத்த பெயர். அவன் பட்டாளத்தில் சேர்ந்த அன்றைக்கு, "உன் துப்பாக்கி ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்யறவன் பக்கம் திரும்பும்" என்று சொன்னேன், "அப்ப நீங்க எதிர்ல இருந்தா குனிஞ்சிக்குங்க" என்று அவன் சொன்னான். அதோடு பேச்சு நின்று ஆறு வருடம். சென்ற விடுமுறையில், தாலி இல்லாமல், புரோகிதர் இல்லாமல், அம்சவேணிக்கும் அவனுக்கும் நானே தலைமை தாங்கித் திருமணம் நடத்திவைத்தேன். மணமக்களை வாழ்த்தி ஒரு மணி நேரம் பேசினேன், மணமகனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு அவன் மலைக்குப் போனான். அம்சா என் வீட்டிலேயே இருந்தாள். அவளும் மற்றப் பெண்களோடு சங்கத்துக்குப் போய் வருவதை நான் தடுக்கவில்லை. நம்பிக்கை அவரவர் உரிமை.

தை மாதத்தில் ஒரு காலை, மலையில் பனி சரிந்து காவல் கூடாரங்கள் புதைந்தன, வீரர்கள் சிலரைக் காணவில்லை என்று வானொலி சொன்னது. எந்தப் பட்டாளம், எத்தனை பேர், என்ன பெயர், ஒன்றும் இல்லை. மலையிலிருந்தவர்களின் கைப்பேசிகள் ஏற்கெனவே இரண்டு மாதமாக ஊமை. பட்டாளத்து அலுவலகத்துக்குப் பேசினால், தகவல் வந்தால் தெரிவிப்போம் என்றார்கள்.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் சங்கக் கட்டடத்துக்கு ஓடினார்கள். ஐயர் முகம் கழுவி, சீருடை போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெயர்ப் பட்டியலை மடியில் விரித்துக்கொண்டார். செத்தவருக்கு விக்கல் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். இருக்கிறவனைத்தான் நினைப்பு போய்த் தொடும். "ஒருத்தர் ஒருத்தரா வாங்கம்மா. மத்தவங்க அதுவரைக்கும் கொஞ்சம் வேற எதையாச்சும் நினைச்சிட்டு இருங்க" என்றார் அவர்.

முதலில் நூர்ஜஹான் எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். நீண்ட விக்கல் ஒன்று வந்தது. ஐயர் பட்டியலில் ஒரு கோடு போட்டு, "இருக்கான்" என்றார். அடுத்தது பட்டம்மாள், படபடவென்று மூன்று. "இருக்கான், நல்லாவே இருக்கான்." கணவன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு, ஆனால் மனத்துக்குள் சொல்லாதவள் ஒருத்தியும் கிடையாது. ஆகவே யாரையும் எதையும் கேட்காமலே, வந்த விக்கலைக் கொண்டே ஆளை அறிந்து அவர் கோடு போட்டுக்கொண்டே போனார். விக்கல் வந்த ஒவ்வொருத்தியும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உடனே பக்கத்தில் இருப்பவளைக் கேலி செய்ய ஆரம்பித்தாள். "ஏண்டி, உன் வூட்டுக்காரரு விக்கல்லகூட முக்கித்தான் வர்றாரு" என்று ஒருத்தி சொல்ல, அழுதுகொண்டிருந்த வரிசையே சிரித்தது.

கடைசியாக அம்சா உட்கார்ந்தாள். அவள் கண்ணை மூடினாள், ஐயர் காத்திருந்தார். தெருவில் ஒரு ஆட்டோ போனது. ஐயர் எச்சில் விழுங்கினார். அம்சா கண்ணை இன்னும் இறுக்கினாள், கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை.

"களைச்சுப் போயிருக்கும் என் தொண்டை" என்றார் ஐயர். "நாளைக்குப் பாப்போம் தாயி."

மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. எங்கள் தெருவில் கேலிப் பேச்சு நின்றது. யாரோ வாசலில் முருங்கைக்கீரை வைத்துவிட்டுப் போனார்கள், யாரோ குடத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்கள். தேநீர்க்கடைக்காரர் என்னிடம், "அது தசைத் துடிப்புதானே மாமா, நீங்க கவலைப்படாதீங்க" என்று மெதுவாகச் சொன்னபோது, அவரை அடிக்கலாம்போல இருந்தது.

நான்காம் நாள் காலை ஐயர் எங்கள் வீட்டுக்கே வந்தார். வேதம் எடுப்பார், ஜெபம் செய்வார், வாசலிலேயே மறிக்கவேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். அவரோ அம்சாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, முறத்திலிருந்த அவரைக்காயை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தார். அம்சாவும் உரித்தாள். நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்பதைச் சரிபார்த்துவிட்டுப் படித்தேன். நடு நடுவே அவர் விக்க, முறத்தில் பாதி முடிந்தது.

"மாமா" என்றாள் அம்சா, தலை நிமிராமல். "நீங்க ஒரு வார்த்தை கேளுங்க அவரை. நான் மூணு நாளா கேட்டுட்டேன்."

அவளுக்காகத்தான் கேட்டேன். "என் மகன் விஷயம் என்ன?"

"பையன் முழுப்பேர் என்ன பெரியவரே? மணி பொஞ்சாதி, மணி பொஞ்சாதின்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க. நான் முதல்லயே கேட்டிருக்கணும்."

"புரட்சிமணி" என்றேன். அந்தப் பெயரை எப்போது சொன்னாலும் என் குரல் மேடையில் ஏறிவிடும்.

அவர் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழே ஒரு தடவையும் கீழிருந்து மேலே ஒரு தடவையும் விரலை ஓட்டினார். "அந்தப் பேர்ல ஆள் இல்லையே."

அம்சாவின் கையிலிருந்த காய் கீழே விழுந்தது. "பாதை மூடற வரைக்கும் அவர் எழுதன லெட்டர் எல்லாம் வந்துச்சே சாமி. நான் எழுதனதும் போச்சே."

"லெட்டருக்கு நம்பர் போதும்மா, பேரைப் பாக்க மாட்டான். விக்கலுக்கு நம்பர் தெரியாது. நான் பட்டியல்ல உள்ள பேரைச் சொல்லித்தான் வாங்கினேன்." மறுபடியும் விரலை ஓட்டினார். "மணின்னு முடியுதது ஒண்ணே ஒண்ணுதான். சுப்பிரமணி. ஆனா அது அநாதைப் பிள்ளை."

"அநாதைன்னு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானாத்தான் நினைச்சுக்கிட்டேன். நாப்பத்து மூணு பேர்ல அவன் ஒருத்தனுக்கு மட்டும் ஆரம்பத்துல இருந்தே ஒரு விக்கல்கூட வரல. அப்பாவப் பத்திக் கேட்டா சிரிச்சிட்டுப் போயிருவான். நினைக்க நாதியில்லாத பிள்ளைன்னு, அவனுக்கு மட்டும் தினமும் தனியா ஒரு ஜெபம் பண்ணிட்டு வாரேன்." பட்டியலில் அடுத்த கட்டத்தைப் பார்த்தார். "தகப்பன் பேரு கோவிந்தசாமின்னு போட்டிருக்கு. உங்க பேரு என்ன பெரியவரே? எல்லாரும் நோட்டீசுன்னுதானே சொல்லுதாங்க."

நான் செய்தித்தாளை மடித்தேன். "கோவிந்தசாமி."

"ஒரே பேர்ல ரெண்டு சாமியா" என்றார் அவர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல இன்னொரு அவரைக்காயை எடுத்துக்கொண்டார்.

எனக்கு நடந்தது புரிந்தது. அவனைப் பள்ளியில் சேர்த்த வருடம் நான் சிறையில் இருந்தேன், தோல் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் மூன்று மாதம். என் மனைவி கன்னியம்மாள் அவனைக் கூட்டிக்கொண்டு போய், தலைமை ஆசிரியரிடம், தான் வேண்டிக்கொண்ட பெயரைக் கொடுத்திருக்கிறாள். சான்றிதழில் அந்தப் பெயர், பட்டாளத்தில் அந்தப் பெயர், கூப்பிடும்போது இரண்டு பெயருக்கும் மணி. இறந்துபோகிற வரைக்கும் கன்னியம்மாள் என்னிடம் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையில் நான் புரட்சிமணி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தபோது அவனும் சொல்லவில்லை. அவனோடு நான் பேசினால்தானே அவன் சொல்வான்.

"அப்ப அந்தப் பேர்ல நெனச்சா போதுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அம்சா கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் இருவரும் ஐயரின் தொண்டையைப் பார்த்தோம். பழகிய விக்கல்கள் இரண்டு வந்து போயின, புதிதாக ஒன்றும் வரவில்லை. இரண்டு நிமிடம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள், கண்ணில் நீர் நின்றது.

"அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாது மாமா. சுப்பிரமணின்னா மயில்தான் வருது. கையில வேல் வெச்சிக்கினு நிக்கறாரு."

"அவருக்கு விக்கல் வந்திருக்கும்" என்றார் ஐயர். "அது என் பட்டியல்ல வராது தாயி. அந்தப் பேரும் அந்த மொகமும் ஒண்ணா இருக்கிற மனசு ஒண்ணு வேணும். அவங்க அம்மா இருந்திருந்தா..."

அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்சாதான் பார்த்தாள்.

"எனக்கு அப்படி ஒரு பேரே தெரியாது" என்றேன். பொய். சிறையிலிருந்து நான் வந்த அன்று வாசலில் ஒரு சிறுவன் உட்கார்ந்து பம்பரத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான், முன்பல் இரண்டு விழுந்திருந்தது, தாடியோடு வந்த என்னைப் பார்த்து "யாரு வோணும்?" என்று கேட்டான். என்னை அடையாளம் தெரியவில்லை. விளையாட்டாக, "உன் பேர் என்ன தம்பி?" என்றேன். "சுப்பிரமணி" என்றான், பல் இல்லாததால் பாதி காற்றாக. அவனை நிற்கவைத்து, உன் பெயர் அது இல்லை, இது, என்று பத்துத் தடவை சொல்ல வைத்தேன். பத்துத் தடவையும் சொன்னான். பிறகு, "சரிங்க" என்றான், ஊருக்குப் புதிதாக வந்த அதிகாரிக்குச் சொல்வதுபோல. அன்று என்னிடம் அவன் காட்டிய மரியாதையை நான் இருபது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. அடுப்படியில் கன்னியம்மாள் அந்தப் பெயரைத்தான் தாழ்ந்த குரலில் கூப்பிடுவாள் என்பதும் எனக்குத் தெரியும். நான் இருமிக்கொண்டு வீட்டுக்குள் வருவேன், அவள் நிறுத்திக்கொள்வாள்.

"மாமா" என்றாள் அம்சா மறுபடியும். கெஞ்சவில்லை, கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

இதற்குள் அடுத்த வீட்டுக்காரி கேட்டு, அதற்கடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லி, எங்கள் வாசலில் ஊர்ப் பெண்கள் நிறைந்துவிட்டார்கள். கையில் இன்னும் அரிசி களைந்த நீரின் வாசனையோடு நூர்ஜஹான் முன்னால் நின்று சொன்னாள்: "எல்லாரும் கேட்டுக்குங்கடி. இப்ப ஒருத்தியும் உங்க வூட்டுக்காரரை நெனக்கக்கூடாது. நோட்டீசு மாமாவுக்கு வழி வுடுங்க. அவருக்குப் பழக்கம் இல்ல, நேரம் ஆவும்." அவர்கள் ஆட்டுக்குட்டியையும், ரேஷன் கடையையும், தொலைக்காட்சித் தொடரில் வரும் மாமியாரையும் முயன்று நினைத்துக்கொண்டு நின்றார்கள். கருங்காலிப்பட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக ஐயர் ஒரு விக்கலும் இல்லாமல் முழு மூச்சு ஒன்று விட்டார், விட்டுவிட்டு என் எதிரில் நகர்ந்து உட்கார்ந்தார்.

கண்ணை மூடினேன். முதலில் எனக்கு வந்தது மேடை. பிறகு நான் அவனிடம் கடைசியாகச் சொன்ன வாக்கியம், அதைவிடச் சிறப்பாகச் சொல்லியிருக்கக்கூடிய நான்கு வாக்கியங்கள். பிறகு புரட்சிமணி வந்தான், சீருடையில், என் முகத்தைப் பார்க்காமல். அவனைத் தள்ளிவிட்டேன். வாசலுக்குப் போனேன். கயிறு பாதி சுற்றிய பம்பரம் அவன் கையில் இருந்தது. பேர் என்ன என்று கேட்டேன், சொன்னான். இந்தத் தடவை நான் திருத்தவில்லை. சுப்பிரமணி என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

எதிரில் ஒரு சத்தம் கேட்டது. நான் அதுவரை அவரிடம் கேட்டிராத விக்கல். அடித்தொண்டையிலிருந்து எழுந்து, முறத்தைத் தட்டி, அவரை அப்படியே பின்னால் சாய்த்த விக்கல்.

"இருக்கான்" என்றார் ஐயர். சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது, அதற்கு அடுத்ததும். பெண்கள் குலவையிட்டார்கள். அம்சா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, முறத்திலிருந்து சிதறிய அவரைக்காய்களை ஒவ்வொன்றாகக் கையை நீட்டி நீட்டிப் பொறுக்கினாள், ஒரே காயை இரண்டு தடவை பொறுக்கினாள்.

"பெரியவரே" என்றார் ஐயர், மார்பைப் பிடித்துக்கொண்டு. "போதும், தெரிஞ்சு போச்சு. கொஞ்சம் நிப்பாட்டுங்க, நான் மூச்சு விடணும்."

நிறுத்த எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடத்து நினைப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக. ஐயருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், சர்க்கரை கொடுத்தார்கள், முனிரத்தினம் ஓடிவந்து முதுகில் தட்டினார்.

அம்சா நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பேர்ல அவர் எப்படி இருப்பாரு மாமா? சொல்லுங்க. நானும் நெனக்கணும்."

வாசலில் அத்தனை பேர் நின்றார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சுப்பிரமணிக்கு முன்பல்லு ரெண்டு இருக்காது" என்றேன். "யார் வந்தாலும் யாரு வோணும்னு கேப்பான். தெரியாதவங்ககிட்ட மரியாதையா பேசுவான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஐயர் இரண்டு கைகளாலும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் இரண்டு விக்கல் விக்கினார்.